டீ என்று சொல்லியிருக்கலாம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இந்தத் தாள்களை வாசிக்க நேரம் ஒதுக்கிய உங்களுக்கு முதற்கண் என் வணக்கம். நான் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவன். அதற்குப் பின்னர் கற்ற தமிழெல்லாம் கிளை நூலகத்தின் மர நாற்காலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றது. எழுத்திலும் சொல்லிலும் குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் எழுத முனைந்திருப்பது காபியைப் பற்றி. திருப்பூரில் வாழ்ந்துகொண்டு காபியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இவ்வூர் டீயினால் ஓடுகிறது. பனியன் கம்பெனிகளில் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மெஷின்கள் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ‘டீ டைம்’ என்று பெயர். அந்நேரத்தில் வடை மட்டும் தின்பவரும், ஒன்றும் உண்ணாமல் சுவரில் சாய்ந்து கண்மூடுபவரும்கூட ‘டீக்குப் போறேன்’ என்றே சொல்லி எழுவார்கள். அத்தகைய ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவன் காபியை மட்டுமே விரும்பி வாழ்ந்தான் எனில் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அக்காரணம் ஓர் அம்மையார். அவரை நான் ‘அக்கா’ என்று அழைத்தேன். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

என் தொழில் கறை எடுப்பது. தைத்து முடித்த உருப்படிகள் செக்கிங் மேசைக்கு வரும். அங்கே பெண்கள் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, ஓட்டையோ கறையோ இருப்பின் தனியே ஒதுக்குவார்கள். கறை பட்டவை என்னிடம் வரும். துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் மருந்தை நிரப்பி, கறையின்மேல் பீய்ச்சி அதை வெளியேற்றுவேன். மருந்தின் நெடி மற்றவர்களுக்கு ஆகாது என்பதால் ஜன்னலையொட்டிய ஒரு தடுப்பறையை எனக்கென ஒதுக்கியிருந்தார்கள். நாள் முழுவதும் அந்த நெடியில் நின்றவனுக்கு மூக்கு ஏறக்குறைய மரத்துப்போகும். வீட்டுக்குப் போனால் குழம்பின் மணம் தெரியாது. மழை பெய்த மண்ணின் வாசம்கூடத் தெரியாது.

ஆனால் ஒரு நாள் பதினொரு மணிக்கு அந்த நெடியை ஊடுருவிக்கொண்டு ஒரு மணம் வந்தது. தடுப்புக்கு வெளியே, மூன்றாவது செக்கிங் மேசையில், அக்கா தம் பிளாஸ்கைத் திறந்திருந்தார்.

காபியை அதற்கு முன் நான் அறியாதவன் அல்லன். காய்ச்சல் கண்டால் என் தாயார் சுக்கு தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காபி தருவார். அதை மருந்தாகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன். பெண் பார்க்கச் சென்ற வீட்டில் ஒரு முறை குடித்தேன். அன்று இருந்த பதற்றத்தில் அது காபியா பாயசமா என்பதே நினைவில்லை. என் மரத்த மூக்கைத் தேடி வந்த காபி அக்காவுடையதுதான். நான் தடுப்பின் ஓரத்தில் நின்றிருந்ததை அவர் கண்டிருக்க வேண்டும்.

“ஏனுங்க, டீக்குப் போகலீங்களா?”

“இல்லீங்கக்கா. வாசம் நல்லா இருந்துச்சு, அதான் நின்னேன்.”

அவர் இருபுறமும் ஒரு முறை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “எங்க ஊட்டுக் காபி குடிப்பீங்களா?”

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு உள்ள பொருளை இவ்விடத்துக்காரர் அறிவார். நான் எந்தத் தெருவினன், அவர் எந்தத் தெருவினர் என்பதை இருவரும் அறிந்திருந்தோம். “குடிப்பனுங்க” என்றேன். அவர் தம் டம்ளரை விட்டுவிட்டு, பிளாஸ்கின் மேல்மூடியில் ஊற்றி, கறை பட்ட உருப்படிகளைக் கொண்டுவந்து வைப்பவர்போல் என் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தேன்.

அவ்வாறு சுவரைப் பார்த்தே நான்கு ஆண்டுகள் குடித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

காலையில் டீ கேன் வரும்போது மறுப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வயிற்றில் புண், டாக்டர் டீயைத் தொடக் கூடாது என்றுவிட்டார் என்று சொல்லி வைத்தேன். மடிப்புப் பிரிவில் தெற்கத்திக்காரர் ஒருவர் இருந்தார், வாய் ஓயாத மனிதர். “அண்ணாச்சிக்கு டீயும் கெடையாது, பீடியும் கெடையாது. வெறுந்தண்ணியில ஓடுத வண்டி இந்த ஊர்ல இது ஒண்ணுதாம்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் தலைகுனிந்து நூல் வெட்டியபடியே சிரிப்பார். அவருக்கு அந்தத் தெற்கத்திக்காரர் வைத்த பெயர் ‘காபிக் கம்பெனி’. “காபிக் கம்பெனி இன்னைக்கு லீவா? மேசை தூங்கிட்டுக் கெடக்கு” என்று அவர் கேட்கும் நாட்களில் மேசை தூங்கியதோ இல்லையோ, நான் தூங்கியவன் போலத்தான் வேலை பார்த்தேன்.

அந்தக் காபியின் சுவையை எழுத்தில் தர என்னால் இயலாது. அது எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சொல்ல இயலும். ஒரு முறை, என்ன ஃபில்டர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஃபில்டரா? அனுப்பர்பாளையத்துல பாத்தரக் கடைக்குக் கடை தொங்குது, வாங்கறதுக்கென்னங்க. எனக்குத் துணிதானுங்க கைக்குப் பழகிருச்சு.”

“என்ன துணிங்க?”

“நம்ம துணிதானுங்க. கோரா.”

கோரா என்பது நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கியபடியே இருக்கும் துணி. வெளுப்பும் சாயமும் காணாதது; பஞ்சின் மங்கிய நிறமும், உற்றுப் பார்த்தால் ஆங்காங்கே பருத்திக்கொட்டையின் துகளும் உடையது. அதில் ஒரு சாண் துண்டை அக்கா எடுத்துப்போவார். புதுக் கோராவில் பஞ்சின் எண்ணெய் இருப்பதால் தண்ணீர் இறங்காது, முத்தாக நிற்கும். ஆகவே கஞ்சித் தண்ணீரில் மூன்று முறை கொதிக்கவைத்து அலசுவார். “தண்ணி மேல நிக்கக் கூடாதுங்க. தொட்டதும் எறங்கோணும். அப்பத்தான் காபிக்கு ஆவும்” என்பார். அந்தத் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும் இயல்புடையது. அது நழுவாமல் இருக்க, ஜட்டி இடுப்புக்கு வைக்கும் எலாஸ்டிக்கின் வெட்டுத் துண்டைச் சொம்பின் வாயில் மாட்டுவார். பொடியைக் கொட்டி, வெந்நீரைச் சுற்றிலும் மெல்ல ஊற்றி, அது இறங்கும் வரை வாசல் கூட்டிவிட்டு வருவார். எருமைப் பால். வெள்ளைச் சர்க்கரை கிடையாது, நாட்டுச் சர்க்கரைதான்; பால் முறிந்துவிடாமல் சற்று ஆறிய பின்னரே கலப்பார். அதனால் அக்காபியில் கசப்புக்கும் இனிப்புக்கும் நடுவே பச்சைப் பருத்தியின் வாசம் ஒன்று மெல்லிதாக இருந்தது. எங்கள் உடம்பில் எப்போதும் ஒட்டியிருந்த அதே பஞ்சின் வாசம்தான். காபியில் வந்தபோது மட்டும் அது எனக்கு வேறாக இருந்தது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கான வெள்ளை அரைக்கைச் சட்டைகள் ஏற்றுமதிக்குத் தயாராகிப் பெட்டியில் அடைக்கப்பட்டிருந்தன. வாங்குபவர் தரப்பிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்து, பெட்டிகளைத் திறந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக உருவிப் பார்த்தார். ஒன்றின் உட்புறத்தில், அடிமடிப்புக்கு மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. சரக்கை நிறுத்தி வைத்துவிட்டார். சூப்பர்வைசர் முகம் வெளுத்து, என்னை அழைத்துவரச் சொன்னார்.

செக்கிங் மேசைகளை ஒட்டிய பேக்கிங் கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள்.

“இது என்ன கறைங்க? மெஷின் ஆயிலா, துருவா, டீயா?” என்று ஆய்வாளர் கேட்டார். “எதுன்னு தெரிஞ்சாத்தான் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்க முடியும்.”

எதிர்பாராமல் என் தொழிலைப் பற்றி நாற்பது பேர் முன்னிலையில் ஒருவர் மரியாதையுடன் கேட்டார். அதுவரை என்னை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. நான் சட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். விரலை ஈரமாக்கித் தேய்த்தேன், லேசாகப் பிசுபிசுத்தது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தேன். கூடமே என்னுடன் காத்திருந்தது.

“ஆயில் இல்லீங்க. டீயும் இல்லீங்க,” என்றேன். “டீயா இருந்தா சோப்புக்குக் கறுத்திருக்கோணும். ஓரம் கறுத்து நடு வெளுத்திருக்குது பாருங்க, பாலோட நெழல் தெரியுது. இது காபிங்க.”

“பரவாயில்லையே, டாக்டர் மாதிரி சொல்றீங்க” என்றார் ஆய்வாளர்.

அந்தப் பாராட்டு என் காதில் நிலைத்திருந்தது ஒரு மூச்சு நேரம். அதற்குள் நாற்பது தலைகளும் மூன்றாவது மேசையின் பக்கம் திரும்பிவிட்டன. அந்தக் கம்பெனிக்குள் காபி கொண்டுவருபவர் ஒரேயொருவர். டீ என்று நான் சொல்லியிருந்தால் அது எல்லோருடைய கறையாகவும் இருந்திருக்கும். நாற்பது பேருக்குப் பொதுவாக நான்கு வசவு விழுந்து அன்றைய பொழுது முடிந்திருக்கும்.

பிறகுதான் நான் அந்த வளையத்தைச் சரியாகப் பார்த்தேன். அது முழு வளையமாக இல்லை. ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு அறுந்திருந்தது. அக்காவின் பிளாஸ்க் மூடியின் விளிம்பில் அதே அளவுக்கு ஒரு வெடிப்பு உண்டு. தினமும் என் உதடு அதை விலக்கித்தான் குடிக்கும். இரண்டு நாள் முன்பு, அவசர வேலையின் நடுவே, மூடியை ஜன்னல் விளிம்பில் வைப்பதற்குப் பதிலாக, கறை நீக்கி, உட்புறம் வெளியே தெரிய அடுக்கியிருந்த சட்டைகளின்மேல் கவிழ்த்து வைத்ததும், பிறகு எடுத்ததும் நினைவுக்கு வந்தது. அந்த அடுக்கு என் மேசையிலிருந்து நேரே அயர்னுக்குப் போனது. பிசுபிசுத்தது நாட்டுச் சர்க்கரை. கறையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லத் தெரிந்த எனக்கு, அது என் கறை என்பது வாய் திறந்த பின்னர்தான் தெரிந்தது.

“ஏனுங்கக்கா, உங்குளுதுங்களா?” என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அக்கா நூல் வெட்டும் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு வந்தார். சட்டையை வாங்கினார். வளையத்தைப் பார்த்தார், அறுந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். பிறகு என்னை ஒரு முறை பார்த்தார்.

“என்ற காபிதானுங்க” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. காபி அவருடையதுதான். தாம் சிந்தியதாக அவர் சொல்லவில்லை. அந்த வேறுபாடு அக்கூடத்தில் எனக்கு ஒருவனுக்கே கேட்டது. நான் அப்போது பேசியிருக்க வேண்டும். பேசினால் வேலை போகும் என்ற அச்சம் இருந்தது என்று என் மனைவியிடம் பின்னாளில் சொன்னேன். அது பாதி உண்மை. அவர் வீட்டுக் காபியை நான்கு ஆண்டுகள் அவர் மூடியிலேயே குடித்தேன் என்பது நாற்பது பேருக்கும், அவர்கள் வழியாக என் தெருவுக்கும் தெரிந்துவிடுமே என்று எண்ணியது மறுபாதி. இந்த மறுபாதியை இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

“இனிப் பிளாஸ்கெல்லாம் உள்ள கொண்டாராதீங்க,” என்றார் சூப்பர்வைசர். “ஒரு வாரம் வேலைக்கு வராம நின்னுக்கங்க. பொறவு பார்க்கலாம்.”

“பொறவு பாக்கறதுக்கு என்னங்க இருக்குது” என்று அக்கா மெதுவாகச் சொன்னார். கோபம் அதில் இல்லை. மேசைக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்தார். பிளாஸ்கின் உள்மூடியை அழுத்தித் திருகினார். மேல்மூடி அப்போது என் அறையில், துணிக்கழிவின் அடியில் இருந்தது. ஆள் வந்து என்னை அழைத்தபோது, பிறர் கண்ணில் படாதிருக்க நான் ஒளித்து வைத்திருந்தேன். அதை எங்கே என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. தேடுவதுபோல் மேசையைக்கூடப் பார்க்கவில்லை. மேல்மூடி இல்லாத பிளாஸ்கைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

நான்கு மணிக்கு டீ வந்தது. தெற்கத்திக்காரர் ஒரு டம்ளரை என் அறைக்கே எடுத்துவந்தார். “வயித்துப் புண்ணு கெடக்கட்டும் அண்ணாச்சி, ஒரு வாய் குடியும். மொகம் வெளிறிக் கெடக்கு” என்றார். வாங்கிக் குடித்தேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகாததை எவரும் கவனிக்கவில்லை.

அவரைத் தேடிப்போக எனக்கு எட்டு மாதம் பிடித்தது. வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, வேலை விடும் நேரத்தில், மூடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அதன் வாசலில் மூன்று மாலைகள் நின்றேன். வேன்கள் நிரம்பிப் போயின. நான்காவது மாலை, காவலாளியிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். “அந்தம்மாங்களா? போன மாசமே நின்னுட்டாங்க. மக ஊட்டோட போயிட்டாங்க” என்றார். எந்த ஊர் என்றேன். “பல்லடத்துப் பக்கம்னாங்க. காங்கேயமோ என்னமோ, சரியாத் தெரியலீங்க.” எட்டு மாதத்தில் ஒரு மாதம் குறைத்திருந்தால் கண்டிருப்பேன்.

அதன்பின் ஓராண்டு நான் காபியைத் தொடவில்லை. ஆனால் ஆசை போகவில்லை. பேருந்து நிலையத்துக் கடையில் குடித்தேன். நெடுஞ்சாலையில் பித்தளை டபராவில் தரும் கடைகளில் நின்று குடித்தேன். அனுப்பர்பாளையத்தில் ஃபில்டர் ஒன்று வாங்கி, விகிதம் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தேன். எல்லாம் நல்ல காபிகளே. குடித்து முடித்த பிறகு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இன்னும் வந்து சேரவில்லை என்று தோன்றும். பிறகுதான் துணி நினைவுக்கு வந்தது. ஒரு சாண் கோராவைக் கொண்டுவந்து, கஞ்சித் தண்ணீரில் மூன்று முறை கொதிக்கவைத்து, எலாஸ்டிக் மாட்டி வடித்தேன். முதல் வாய் குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து இன்று வரை அப்படித்தான் குடிக்கிறேன். கறை எடுக்கும் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூக்கும் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. குழம்பு மணக்கிறது, மழை மணக்கிறது. காலையில் துணியில் வெந்நீரை ஊற்றிவிட்டு நிற்கும் நேரத்தில், யாரோ மூன்றாவது மேசையில் உள்மூடியைத் திருகுகிறார் என்றே இன்றும் தோன்றுகிறது. இப்போதெல்லாம் தூய பருத்திக் கோரா கிடைப்பது அரிது. பாலியஸ்டர் கலந்த துணியில் வடித்தால் காபி காபியாகவே இருக்கிறது, பஞ்சின் வாசம் வருவதில்லை. பழைய துண்டுகள் நான்கு வைத்திருக்கிறேன். அவையும் நைந்துவருகின்றன.

என் மனைவி டீ குடிப்பவர். “ஒரு டம்ளர் காபிக்கு இத்தன பாடுங்களா” என்று இன்றும் கேட்பார். மூடி எங்கள் அலமாரியில் ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் சில நாட்கள் அதில் ஊற்றிக் குடித்ததுண்டு. வெடிப்பு உதட்டில் பட்டதும் நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் அலமாரியைத் துடைக்கையில் மனைவி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் இடத்திலேயே வைத்தார்.

“இத வெச்சுட்டு எத்தன வருசம்ங்க இருப்பீங்க? அவுங்குளுக்கும் வயசாயிருக்கும். இருக்கறாங்களோ என்னமோ.”

“என்ன பண்ணச் சொல்றீங்க?”

“என்றகிட்டச் சொன்னத எழுதி வையுங்க. படிக்கறவிய யாராச்சு அவுங்களுக்குத் தெரிஞ்சவியளா இருப்பாங்க.”

அவரிடம் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

ஐயா, அம்மா, உங்கள் வீட்டிலோ உங்கள் அறிமுகத்திலோ பனியன் துணியில் காபி வடித்த ஓர் அம்மையார் இருந்தால், அவரிடம் மேல்மூடி இல்லாத பிளாஸ்க் ஒன்று இருந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் இல்லையெனில் அவர் பெற்ற மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த வெள்ளைச் சட்டையின் வளையம் நான் வைத்த மூடியின் வளையம். அவர் சிந்தவில்லை. மூடி பத்திரமாக இருக்கிறது.

அதுவரை இந்தத் தாள்களைக் கிழித்துவிடாமல், தண்ணீர் படாத இடத்தில் எடுத்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.